மறுபடியும் வந்த நான்கு

விண்ணப்பப் படிவத்தில் மொத்தம் இருபத்து மூன்று கட்டங்கள். இருபத்து இரண்டை ஒரே காலைப்பொழுதில் நிரப்பிவிட்டோம். பதினேழாவது மட்டும் காலியாகக் கிடந்தது. 'விருப்பப் பாடம், அறிமுக நிலை, ஏதேனும் ஒன்று.' அதை நிரப்ப எங்களுக்கு நான்கு நாட்கள் பிடித்தன.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் மனைவிக்கும். எனக்கு அறுபத்தொன்பது வயது, அவளுக்கு அறுபத்து நான்கு. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் வீடு. மகன் ஓசூரில் இருக்கிறான், மகள் கோயம்புத்தூரில். நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசாங்கத்தில் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிர் விளைச்சலைக் கணக்கெடுப்பது என் வேலை. எந்த ஊரில் எந்தக் காட்டை, அதாவது எந்த வயலை, அறுத்து எடை போடுவது என்று நானாக முடிவுசெய்ய முடியாது, காட்டுக்காரரும் சொல்ல முடியாது. அதற்கென்று ஓர் எண் அட்டவணை உண்டு. ஒழுங்கே இல்லாமல் இலக்கங்கள் வரிவரியாக அச்சடித்திருக்கும். ஓர் இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து வரும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அட்டவணையின் பழைய பிரதி ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

என் மனைவி அந்தக் காலத்து பி.யு.சி., கல்லூரிப் புகுமுக வகுப்பு. நாமக்கல்லில் முதல் வகுப்பில் தேறியவள். அவளோடு எழுதிய முப்பத்தெட்டுப் பெண்களில் முதல் வகுப்பு இரண்டே பேர்தான். ஜூனில் முடிவு வந்தது, ஆவணியில் அவளை எனக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மேலே படித்திருக்கலாமே என்று நாற்பத்தாறு ஆண்டுகளில் அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சென்ற வருடம் ஒருநாள் காலையில் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தபோது உள்ளே செய்தித்தாளில் கத்தரித்த ஒரு துண்டு இருந்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளம்பரம். சேலத்தில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் வகுப்பு நடக்குமாம்.

"இதென்ன?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம மட்டுந்தானுங்களாமா வகுப்பு. வயசெல்லாம் பாக்க மாட்டாங்களாமா."

"உனக்கா?"

"நமக்குங்க."

"எனக்கெதுக்கு இன்னொரு டிகிரி? இருக்கற ஒண்ணையே பரணையில போட்டிருக்கு."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "ஒண்ணாப் போயி, ஒரே பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டு, ஒண்ணா வரலாமுன்னு பாத்தனுங்க. நீங்க வேண்டாமுன்னா நானும் போகலீங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரே பெஞ்சு. அதை அவள் அன்றைக்கே, முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள். எதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளும் நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்தப் பதினேழாவது கட்டம். கையேட்டில் ஒன்பது அறிமுகப் பாடங்கள் போட்டிருந்தார்கள். கட்டாயப் பாடங்களுக்கு வீட்டுக்குப் புத்தகம் வந்துவிடும். விருப்பப் பாடத்துக்கு மட்டும்தான் நேரில் வகுப்பு. நான் ஒன்பதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படித்தேன்.

"எது வேணும் சொல்லு."

"நீங்க எத எடுக்கறீங்களோ அதயே எனக்கும் போட்ருங்க."

இந்தப் பதில் எனக்கு எரிச்சலைத் தந்தது. புடவைக்கடையில், டாக்டரிடம், கல்யாணச் சமையலில், எங்கே கேட்டாலும் இதே பதில்தான். இவளுக்கென்று ஒரு விருப்பம் இருக்காதா என்று நான் பல வருடங்களாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த வயதிலாவது சொந்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் அதே பதில்.

"ரெண்டு பேரும் ஒரே பாடம் எடுத்தா, ஒரே காட்டை ரெண்டு தடவை அறுத்து எடை போட்ட மாதிரி. புதுசா என்ன தெரியப் போகுது? நான் ஒண்ணு, நீ ஒண்ணு படிச்சா, வீட்டுக்கு ரெண்டு பாடம் வந்து சேரும்."

"நாம என்னங்க, அறுப்புக்கா போறோம்?" என்று சிரித்தாள்.

நான்காம் நாள் அலமாரியைத் திறந்து எண் அட்டவணையை எடுத்தேன். ஒன்பது பாடங்களுக்கும் ஒன்று முதல் ஒன்பதுவரை எண் போட்டேன். அவளைக் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்கச் சொன்னேன். அவள் விளையாட்டுக்குச் சேர்ந்த பிள்ளை மாதிரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வைத்தாள். நான்கு. பொருளியல் அறிமுகம்.

"இது எனக்கு," என்றேன். "அடுத்தது உனக்கு."

பக்கத்து இலக்கத்தைப் பார்த்தேன். அதுவும் நான்கு.

அவள் கைதட்டினாள். "பாருங்க! அதேதான் வந்திருக்குது! நான் ஒண்ணுஞ் செய்யலீங்க, உங்க பொஸ்தகமே சொல்லுது!"

"வந்த எண் திரும்ப வந்தா தள்ளிடணும். அதுதான் விதி."

"ஏனுங்க?"

"ஒரு காட்டை ஒரு தடவைதான் எடுக்கலாம். திரும்ப வந்தா அது கணக்குல இல்லை. அடுத்ததுக்குப் போகணும்."

அடுத்தது ஏழு. உளவியல் அறிமுகம். பதினேழாவது கட்டத்தில், என் படிவத்தில் நான்கு என்றும் அவள் படிவத்தில் ஏழு என்றும் எழுதினேன். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அந்த விதியை நான் ஒருமுறைகூட மீறியதில்லை. அன்றும் மீறவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து நாமக்கல் போய், அங்கிருந்து ராசிபுரம் வழியாகச் சேலம் போய்ச் சேர்ந்தோம். என் வகுப்பு தரைத்தளத்தில், வராண்டாவை ஒட்டிய மூன்றாவது அறை. அவளுடையது இரண்டாம் மாடியில். இரண்டும் ஒரே நேரம், பத்தரை முதல் பன்னிரண்டரை வரை.

மாடிப்படி அடியில் நின்று அவள் மேலே பார்த்தாள். "மேல ஏறோணுங்களா?"

"நாப்பத்து நாலு படிதான்." நான் அதற்குள் ஏறி எண்ணவில்லை. ஒரு தளத்துக்கு இருபத்திரண்டு என்று கீழிருந்தே கணக்குப் போட்டுச் சொன்னேன்.

அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பவன் நான்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். முதல் திருப்பம்வரை பார்த்துவிட்டு நான் என் வகுப்புக்குப் போனேன்.

என் வகுப்பில் இருபத்தாறு பேர். பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள். டயர் ரீட்ரெடிங் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், நர்ஸ் இருவர், போலீஸ்காரர் ஒருவர். நான் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். நன்றாகக் காது கேட்கும் இடம். நிறையக் கேள்வி கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியாது.

திரும்பி வரும் பஸ்ஸில், மல்லூர் தாண்டியதும், அவளிடம் கேட்டேன். "உனக்கு என்ன நடத்துனாங்க?"

"மனசப் பத்தித்தானுங்க."

"மனசைப் பத்தி என்ன?"

"மனசு மனசுன்னு ஒரே மனசுதானுங்க. உங்களுக்கு என்ன நடத்துனாங்க, அதச் சொல்லுங்க."

நான் சொல்லுவேன். தேவை, அளிப்பு, விலை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்றாவது, நான்காவது வாரத்திலிருந்து அவள் கேட்கும் கேள்விகள் என்னையே அசத்தின. "முட்ட வெல எறங்கறப்ப கோழிய வித்துப் போடறாங்களே, அப்பறம் வெல ஏறறது அதனாலதானுங்களே?" என்பாள். அந்த வாரம் ஆசிரியர் நடத்தியதும் ஏறக்குறைய அதுதான். நான் பாதி சொல்லும்போதே மீதியை முடித்துவிடுவாள். நான் எவ்வளவு நன்றாக விளக்குகிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அதை மகளிடம் போனில் சொல்லவும் செய்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் இரவு படுக்குமுன் டைரியில் இரண்டு கோடு போடுவேன். என் வருகைக்கு ஒன்று, அவள் வருகைக்கு ஒன்று. பத்து வகுப்புக்கு என்னுடையது பத்து, அவளுடையது பத்து. வேலையில் இருந்த காலத்தில், காட்டுக்குப் போகாமல் ஆபீஸில் உட்கார்ந்தே விளைச்சலை எழுதியவர்கள்மேல் மெமோ எழுதியவன் நான். பஸ்ஸைவிட்டு என்னோடு இறங்கினாள், என்னோடு ஏறினாள் என்பதை வைத்து அவள் வகுப்பில் இருந்தாள் என்று பத்து வாரம் எழுதியிருக்கிறேன்.

பதினோராவது ஞாயிறு அறிவிப்புப் பலகையில் வருகைப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். பத்துக்கு ஏழு இருந்தால்தான் தேர்வு எழுதலாம். அவள் பெயருக்கு நேராக இரண்டு என்று இருந்தது.

"கணக்குத் தப்பு," என்றேன். "நீ இங்கேயே இரு. நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

"வேண்டாமுங்க. நில்லுங்க. நான் சொல்றனுங்க," என்று அவள் என் பின்னால் சொன்னது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை. யாராவது கணக்கில் தப்புச் செய்திருந்தால் எனக்கு நிற்க வராது.

அன்றுதான் அந்தப் படிகளில் முதல்முறை ஏறினேன். நாற்பத்து நாலு இல்லை, ஐம்பத்தாறு. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.

உளவியல் நடத்தும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பொறுமையாகப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். நான் என் டைரியைத் திறந்து காட்டினேன். "பத்து வாரமும் நான் கையோட கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். உங்க பதிவேட்டுல இல்லைன்னா அது உங்க கவனக்குறைவு," என்று குரலை உயர்த்தினேன். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த கல்லூரி ஆயா உள்ளே வந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மேடம் மேல தப்பு இல்ல. அந்தம்மா மூணாவது வாரத்துலேர்ந்து மேல ஏறவே இல்ல. கீழதான் இருப்பாங்க."

"கீழ எங்க?"

"உங்க ரூமு ஜன்னலுக்கு வெளிய, தூணு மறைவுல. தரையில உக்காந்திருந்தாங்க, கால் மடக்க முடியலன்னு நான்தான் ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்தேன். 'உள்ள போய் உக்காருங்கம்மா'ன்னா, 'அந்த வகுப்புல என் பேரு இல்லியே சாமி'ன்னுட்டாங்க."

அந்த நேரத்தில் எனக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை பேர் முன்னால் என் டைரி பொய் என்றாகிவிட்டதே என்ற அவமானம்தான் வந்தது. இறங்கி வந்தேன். வராண்டாவில் என் வகுப்புக்காரர்கள் பதினான்கு பேர் ஆசிரியருக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஸ்டூலில் இருந்து எழுந்தாள். மடியில் இருந்த நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு வாரம்!" என்று கத்தினேன். "எட்டு வாரம் பொய் சொல்லியிருக்கே. மனசு மனசுன்னு கதை வேற. அந்தக் காலத்துல பி.யு.சி. பாஸ் பண்ணினதும் இப்படி ஜன்னல் வழியாப் பார்த்துத்தானா?"

டயர் கடைப் பையன் முதலில் சிரித்தான். கெட்ட பையன் இல்லை. நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். அப்புறம் இன்னும் நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் தூக்கி, பின்னால் இறங்கி வந்திருந்த ஆயாவிடம் கொடுத்தாள். "இத எடுத்து வெச்சுருங்க சாமி. நல்லா உதவியா இருந்துச்சு," என்றாள்.

அவளிடம் அவளுடையது என்று நான் அறிந்தது பி.யு.சி.யில் வாங்கிய அந்த ஒரு முதல் வகுப்புதான்.

பன்னிரண்டரைக்கு நான் வெளியே வந்தபோது வராண்டாவில் அவள் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். வீடு வந்து சேர்ந்தோம். விளக்கு வைத்த பிறகு, "அடுத்த வாரத்துலிருந்து நான் வரலீங்க," என்றாள். கோபமான குரல் இல்லை. பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஏன்? முழங்காலா?"

"ஆமாங்க. முழங்காலுதான்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது விண்ணப்பம் எழுதுவது. விருப்பப் பாடத்தை ஏழிலிருந்து நான்காக மாற்ற வேண்டும் என்று பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதினேன். காலக்கெடு முடிந்துவிட்டது என்றார்கள். நேரில் போனேன். இரண்டாம் முறையும் போய், அவள் எட்டு வாரம் வெளியிலிருந்தே அந்த வகுப்பைக் கேட்டதைச் சொன்னேன். என் மனைவி அப்படிக் கேட்டார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். மூன்றாம் முறை போகும்போது அவளைக் கேட்காமலே அவள் நோட்டை எடுத்துப் போனேன்.

பஸ்ஸில் அதைப் பிரித்துப் பார்த்தேன். எட்டு வாரப் பாடமும் தேதியோடு, கோடு போட்டு, பழைய பள்ளிக்கூடக் கையெழுத்தில் இருந்தது. ஆசிரியர் பலகையில் எழுதியவை மட்டும் விட்டுப்போயிருந்தன. அவளுக்குப் பலகை தெரிந்திருக்காது. காதில் விழுந்தது எல்லாம் இருந்தது. சில இடங்களில் 'இவர் கேட்ட கேள்வி' என்று தனியாக எழுதி, கீழே நான் கேட்டதையும் ஆசிரியர் சொன்ன பதிலையும் எழுதியிருந்தாள். அப்படிப் பதினெட்டு இடங்கள். நான் கேட்டது எனக்கே மறந்துபோனவை அதில் ஏழு.

அந்த அதிகாரி நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். கையெழுத்துப் போட்டார். எட்டு வாரத்தையும் வருகையாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார்.

வீட்டுக்கு வந்து படிவத்தை அவளிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு முழுவதையும் படித்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டா உங்களுக்குத் திருப்தியாகுமுங்களா?"

"ஆகும்."

போட்டாள்.

அந்த ஞாயிறு என்னோடு வந்தாள். மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆசிரியர், "வாங்கம்மா, உள்ள வந்துட்டீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். டயர் கடைப் பையன் எழுந்து வந்து ஃபேனுக்கு நேராக இருந்த தன் இடத்தைத் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று தலையாட்டிச் சிரித்தாள். இரண்டு மணி நேரமும் நோட்டை மூடியே வைத்திருந்தாள். விலை ஏறினாலும் தேவை குறையாத பொருள் எது என்று ஆசிரியர் கேட்டார். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் 'உப்பு' என்று பதில் சொன்னார்.

பஸ்ஸில் ராசிபுரம் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் ஒண்ணுமே எழுதலை?"

"வெளிய உக்காந்திருந்தப்ப நான் படிச்சுட்டிருந்தனுங்க. இன்னைக்கு உள்ள உக்காந்து, யாரு சிரிக்கறாங்கன்னு பாத்துட்டிருந்தேன்," என்றாள்.

"இன்னைக்கு யாரும் சிரிக்கலையே."

"ஆமாங்க. யாரும் சிரிக்கல."

நாமக்கல்லில் இறங்கும்போது கைகொடுத்தேன், பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் நாலரைக்கே எழுந்துவிட்டாள். புளிச்சோறு வாசம் வந்தது. நான் குளித்துவிட்டு வந்தபோது ஒரே ஒரு டப்பா கட்டி வைத்திருந்தாள்.

"உனக்கு?"

"நான் ஊட்லயே சாப்ட்டுக்கறனுங்க."

"அப்ப நானும் போகலை," என்று சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. போயிட்டு வாங்க. பரிச்ச வருதில்ல." அவளே கிட்டே வந்து, கழற்றிய இரண்டு பித்தானையும் மறுபடி போட்டுவிட்டாள். அவள் தலை என் மார்புக்கு அருகில் இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது.

"முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கோ," என்றேன்.

"சரீங்க."

பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். இன்னும் விடியவில்லை. ஐந்தே முக்கால் பஸ் ஆறு நிமிடம் தாமதமாக வந்தது. இரண்டு பேர் உட்காரும் சீட்டுகள் நிறையக் காலியாக இருந்தன. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைச் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.